டெல்மர் எழுதாத பட்டியல்

டெல்மர் யோக்கமுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். வருவதாவது! அது எங்கேயும் போனதே இல்லை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் நாற்பது வருஷம் பண்ணை பண்ணையாகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். தண்ணீர் வராவிட்டால் பூமியைத் திட்டுவார், வந்தால் இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று திட்டுவார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. வீட்டுக்கு அடியில் இருந்த அறையில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் இருபத்து மூன்று துப்பாக்கிகள். அவற்றை விட்டால் சொந்தம் என்று சொல்ல அக்கா மகள் கோலீன் ஒருத்திதான்.

கோலீன் ஊரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பத்து வருஷமாக மாமாவிடம் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தாள்.

"மாமா, வீட்டுப் பாலிசியில துப்பாக்கி திருடு போனா மொத்தத்துக்கும் ரெண்டாயிரத்து ஐந்நூறு டாலர்தான் தருவான். தனியா ஒரு பாலிசி போட்டுருவோம். திருட்டு, தீ, தொலைஞ்சு போறது எல்லாத்துக்கும் சேத்து. ஒவ்வொண்ணோட பேரு, அதுல குத்தியிருக்கிற நம்பரு, இத மட்டும் எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா எங்க போகும்?"

"எங்க கம்பெனிக்கு."

"அங்கேருந்து?"

"எங்கயும் போகாது."

"இன்னைக்குப் போகாதுடீ. நாளைக்கு கவர்மென்ட்ல எவனாச்சும் துப்பாக்கிய எல்லாம் பிடுங்கணும்னு கிளம்பினா, உன் லிஸ்டத்தான் கையில வச்சிக்கிட்டு என் வாசல்ல வந்து நிப்பான்."

அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் உண்டு. பயந்துகொண்டே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். டெல்மர் அசையவில்லை. துப்பாக்கிகளைப் படம் எடுக்கக்கூட விடமாட்டார். வாங்கிய ரசீதுகளை எல்லாம் அடுப்பில் போட்டு எரித்தார். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

எதிர்ப் பண்ணை ராய்ஸ் இதற்கெல்லாம் நன்றாக ஒத்து ஊதுவான். "நம்பர மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராத டெல்மர். கம்பெனிக்காரனும் கவர்மென்ட்காரனும் ஒரே தட்டுல சாப்பிடுறவனுங்க" என்பான். டெல்மருக்கு உச்சி குளிர்ந்துவிடும். குளிர்ந்த வேகத்தில் இரும்புப் பெட்டியின் பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணையே அவனிடம் சொல்லி வைத்தார். "நான் செத்துட்டா, அவனுங்க வர்றதுக்குள்ள நீ எடுத்துட்டுப் போயிரு." கேட்டவளுக்குக் கொடுக்காததைக் கேட்காதவனுக்குக் கொடுத்த புத்திசாலி.

போன அக்டோபரில் முழங்கால் ஆபரேஷனுக்காக பில்லிங்ஸ் நகரத்துக்குப் போனார். ராய்ஸ்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டான். மூன்றாம் நாள் ஊன்றுகோலோடு திரும்பினால் இரும்புப் பெட்டியின் பக்கவாட்டில் ஆள் தலை நுழையும் அளவுக்கு அறுத்திருந்தது. உள்ளே தூசிதான் இருந்தது. ராய்ஸ் பக்கத்தில் நின்று டெல்மரை விடப் பெரிய கெட்ட வார்த்தையில் திட்டினான்.

டெல்மரின் கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அதையும் ராய்ஸே எடுத்துக் கொடுத்தான். "எத்தனை இருக்கு, என்னென்ன இருக்குன்னு பத்து வருஷமாத் துருவிக்கிட்டே இருந்தது யாருன்னு யோசிச்சுப் பாரு."

சனிக்கிழமை காலை, ஊரே காபி குடிக்க உட்கார்ந்திருக்கும் கடை. கோலீன் அப்போதுதான் முட்டையில் முள்கரண்டியை வைத்திருந்தாள்.

"எவன்கிட்டடீ சொன்ன?" என்று டெல்மர் வாசலிலிருந்தே கத்தினார். "உனக்கு எவ்வளவு பங்கு குடுத்தான்?"

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள். இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு இருபது பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிழவரை ஓர் அறை அறைய அங்கே ஒருவருக்கும் கை வரவில்லை.

ஐந்து மாதம் மாமாவும் மருமகளும் பேசவில்லை. மார்ச்சில் ஊர்ப் போலீஸான ஷெரிப் ஆபீஸிலிருந்து கர்ட்டிஸ் என்ற அதிகாரி போன் செய்தான். போனால், நீள மேஜையில் பத்தொன்பது துப்பாக்கிகள். டெல்மர் நேரே போய் அப்பாவின் பழைய வின்செஸ்டர் துப்பாக்கியைத் தொட்டார்.

"எடுக்காதீங்கண்ணே. நம்பர் என்ன?"

"எனக்கெப்படிடா தெரியும்? இந்தா பாரு, கட்டையில எங்க வீட்டுக் குதிரை கடிச்ச பல்லுத் தடம். எங்கப்பா கையில இருக்கறப்ப கடிச்சுது. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நான் நம்புறேன். ஆனா ஃபைல்ல எத வைக்கிறது? ரசீது இருக்கா? போட்டோ? இன்சூரன்ஸ் லிஸ்ட்?"

"ரசீத அடுப்புல போட்டாச்சு. மத்தது கிடையாது."

"ஒண்ணும் காட்டலைன்னா ஆறு மாசத்துல ஏலத்துக்குப் போயிரும்ணே."

"எங்கப்பன் துப்பாக்கிய நான் ஏலத்துல கேக்கணுமாடா?"

"இதெல்லாம் உங்களதுதான்னு பாத்த ஆளு யாராச்சும் கையெழுத்துப் போட்டாக்கூடப் போதும்."

"ராய்ஸக் கூப்பிடு! இருபத்து மூணையும் அவன் எடுத்துத் துடைச்சிருக்கான்."

கர்ட்டிஸ் கதவைச் சாத்தினான். "உக்காருங்கண்ணே. இதெல்லாம் ராய்ஸ் கொட்டகையிலதான் கிடைச்சுது. வைக்கோலுக்குப் பின்னால. நாலு ஏற்கெனவே கைமாறிருச்சு."

பிறகு அதே கொட்டகையில் கிடைத்த ஒரு சின்ன நோட்டை நகர்த்தினான். மேலே 'டெல்மர் வீடு' என்று தலைப்பு. கீழே இருபத்து மூன்று வரிகள்: பெயர், எண், என்ன விலைக்குப் போகும் என்ற கணக்கு. திறக்கும் எண் தெரிந்தும் ராய்ஸ் பெட்டியை ஏன் அறுத்தான் என்பதும் டெல்மருக்கு அப்போது விளங்கியது. வெளியாள் வேலையாகத் தெரிய வேண்டுமே. அப்பாவின் வின்செஸ்டருக்கு நேரே, 'கட்டையில் பல் தடம். விலை குறையும்' என்று எழுதியிருந்தது.

"விலை குறையுமா?" என்று டெல்மர் அலறினார். "விலையாடா குறையும்?"

ராய்ஸைத் திட்டினார். அவன் அப்பனை, அவன் கொட்டகையை, அவனைக் குடிவைத்த மண்ணைத் திட்டினார். கர்ட்டிஸ் துப்பாக்கிகளில் குத்தியிருந்த எண்களை நோட்டோடு சரிபார்த்தான். பத்தொன்பதிலும் ஓர் எழுத்து பிசகவில்லை; ஃபைலுக்கு இதுவே போதும் என்றான். உலகத்தில் டெல்மருக்காக ஒரே ஒரு ஆள் பட்டியல் எழுதி வைத்திருக்கிறான், அவன் திருடன். திட்டித் தீர்த்த பிறகு திட்டுவதற்கு மிச்சம் இருந்தது ஒரே ஆள். அந்த ஆளை அவர் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீடு வரைக்கும் வண்டிக்குள் தனியாக, கண்ணாடியில் தெரிந்த அந்த ஆளைத்தான் திட்டிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை அதே கடை. கோலீன் அவரைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டெல்மர் ஊன்றுகோலை நீட்டி வழி மறித்தார். இன்னொரு கையில் நோட்டின் நகல்.

"பேனா இருக்கா?"

"எதுக்கு?"

"நம்பர் கேட்டியே. எழுது."

"ஆபீசுக்கு வாங்க. இங்க எல்லாரும் இருக்காங்க."

"அன்னைக்கும்தான் இருந்தாங்க!" என்று கத்திவிட்டு டெல்மர் கடையைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. இவ ஒண்ணும் பண்ணல. திருடன்கிட்டயே பெட்டியத் திறக்குற நம்பரக் குடுத்துட்டு, பெத்த பொண்ணு மாதிரி இருந்தவள நடு ஊர்ல வச்சு அசிங்கப்படுத்தினேன். முட்டாப்பய நான்தான். இப்ப என் துப்பாக்கி நம்பர் எல்லாம் சொல்லப்போறேன். எவனுக்கு வேணுமோ எழுதிக்கலாம்."

சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். கோலீன் மெதுவாக உட்கார்ந்து ஒரு காகிதக் கைத்துடைப்பை விரித்தாள்.

"வின்செஸ்டர். எங்கப்பாவோடது" என்று தொடங்கி, பத்து வருஷமாக எழுதித் தராத எண்களை டெல்மர் ஒவ்வொன்றாக, கடைசி மேஜை வரை கேட்கும்படி கத்தினார்.

"மெதுவா, மாமா. கடைசில ஒண்ணா, ஏழா?"

"ஏழு" என்றார் டெல்மர். திரும்பக் கிடைத்த பத்தொன்பதில் இன்னும் பதினெட்டு இருந்தன.