பூதக்கண்ணாடியைக் கழற்றியவர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, கருவாட்டுக் கூடை சுமந்து, நாலு வள்ளத்துக்கு முதலாளியானவன் நான். புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிப் பிணங்களை ஏற்றி வந்தவை என் வள்ளங்கள்தான். வேறு எவனும் துணியவில்லை.

சொந்தக்காரர்கள் அடையாளம் காணப் படமெடுக்க வந்த போட்டோக்காரர் ஒல்லியானவர், கண் மங்கியவர். ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால், கேமராவில் கண் வைக்கும் துளையில் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைத் துடைத்துத் திருகி மாட்டுவார்.

“செத்த மூஞ்சிக்கு எதுக்குய்யா இம்புட்டுத் துல்லியம்?” என்றேன்.

“படம் கலங்கலா இருந்தா, இது எம்புள்ள இல்லைன்னு பெத்தவ காலமெல்லாம் காத்துக் கெடப்பா மொதலாளி.”

கடைசியாகக் கிடந்த இளம்பெண்ணைக் கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மங்கிய கண்ணாலேயே படமெடுத்தார்.

புயலுக்கே அஞ்சாத நான், யாரென்று கேட்காமல் வள்ளத்தை நோக்கி நடந்தேன்.