அம்மணி அக்காவின் வெண்டைக்காய்

அம்மணி அக்கா தினமும் ஒரு பை வெண்டைக்காயோட வேலைக்கு வரும். எதுக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி எங்க கம்பெனியைப் பத்திச் சொல்லிடறேன்.

பெருங்களத்தூர்ல இருக்கிற பிரஸ் ஷாப் அது. தகட்டை மெஷின்ல வெச்சுப் பெடலை மிதிச்சா மேலேர்ந்து அச்சு டம்முனு எறங்கும், கார் பார்ட் வெளிய வரும். நான் அசார், அங்க எலெக்ட்ரீஷியன். ரெண்டாயிரத்து நாலுல சவுரிமுத்து அண்ணனுக்கு வலது கையில ரெண்டு விரல் மூணாம் நம்பர் மெஷின்ல போச்சு. அப்புறம் அவரைக் கேட்ல வாட்ச்மேனா போட்டாங்க. அந்தக் கையைப் பாக்கெட்டை விட்டு வெளிய எடுக்கவே மாட்டார்.

மெஷினுக்குத் தடுப்பு போடணும்னு ஃபேக்டரி சட்டத்துல எந்தக் காலத்துலயோ எழுதி வெச்சிருக்கான். அந்த நோட்டீஸ் எங்க ஆபீஸ் வாசல்லயே தமிழ்ல தொங்கினு இருந்துச்சு, மேல காலண்டரை மாட்டி மறைச்சிருந்தாங்க. பார்ட் வாங்குற ஜெர்மனிக்காரன் வந்து பார்த்துட்டு, தடுப்பு இல்லாட்டி ஆர்டர் இல்லன்னான். அப்பதான் எங்க முதலாளிக்குச் சட்டம் ஞாபகம் வந்துச்சு. மூணாம் நம்பருக்கு ரெண்டு பக்கமும் சென்சார் மாட்டினாங்க. நடுவுல கை போனா மெஷின் நின்னுடும். நாங்க அதைக் கண்ணுன்னு சொல்லுவோம்.

அந்த மெஷின்ல உக்கார்ந்தது அம்மணி அக்கா. அது யாரையும் நம்பாது. காலையில இடுக்கியில ஒரு வெண்டைக்காயைப் பிடிச்சு உள்ள நீட்டிப் பெடலை மிதிக்கும். மெஷின் நின்னுட்டா வெண்டைக்காய் பைக்குத் திரும்பிடும், ராத்திரி குழம்பாயிடும். நாங்க எவ்ளோ கிண்டல் பண்ணாலும் அக்கா கண்டுக்காது.

ரெண்டாயிரத்து ஆறு, ஆயுத பூஜை லீவு முடிஞ்ச மறுநாள். மூணாம் நம்பர் ஓடவே இல்ல. ஃபியூஸ், ஒயர் எல்லாம் பார்த்துட்டேன், ஒண்ணும் புரியல. வெளிய லாரி நிக்குது. மேனேஜர் கதிரேசன் சார் டென்ஷனாகி வந்தார்.

"கண்ணோட ஒயரைக் கழட்டி டைரக்ட் பண்ணு அசார், அது இல்லாமலே ஓடட்டும்."

"கண்ணு இல்லாம நான் மிதிக்க மாட்டேன் சார்"னு அக்கா ஸ்டூலை விட்டு எழுந்துடுச்சு.

"அப்ப நாளைலேர்ந்து வர வேணாம்."

செம்பாக்கத்துல வாடகை வூடு, படிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேர், அக்கா சம்பளம் ஒண்ணுதான். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் என் வேலைக்குப் பயந்து டைரக்ட் பண்ணிட்டேன். இன்னிக்கு நெனச்சாலும் வெக்கமா கீது.

அக்கா பையிலேர்ந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து, இடுக்கியில பிடிச்சு உள்ள நீட்டி, பெடலை மிதிச்சுது. டம். வெண்டைக்காய் கூழாயிடுச்சு. ரெண்டு மூணு விதை பறந்து போய் சாரோட வெள்ளைச் சட்டையில ஒட்டிக்கிச்சு.

"இது என் விரல்னு வெச்சுக்கங்க சார். இப்ப சொல்லுங்க, உக்காரட்டுமா?"

சார் என் பக்கம் திரும்பினார். "ஒயரைப் பழையபடி மாத்து"ன்னார்.

மாத்தறதுக்காகக் குனிஞ்சேன். சென்சார் கண்ணாடி மேல காஞ்சு போன சந்தனம், நடுவுல குங்குமம். மெஷின் முழுக்க பொட்டா இருந்ததுல இந்த ஒண்ணு எனக்குத் தெரியவே இல்ல.

"யாரு வெச்சது?"ன்னார் சார்.

"நான்தான் சார். என் கையைக் காப்பாத்தறதே அதுதானே, மொத பொட்டு அதுக்குத்தான் வெச்சேன்."

போச்சு, அக்கா கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மூணு மணி நேரம் வீணாப் போனது அது வெச்ச பொட்டால. சார் சட்டையில இருந்த விதையை ஒவ்வொண்ணா எடுத்தார். திடீர்னு தோள் குலுங்க சிரிச்சார்.

"நல்ல வேளை, கண்ணு தெரியலன்னதும் மெஷின் நின்னுச்சு. எனக்குத்தான் நிறுத்தத் தோணல. நாளைக்கு வந்துடுங்கம்மா. அடுத்த வருஷம் பொட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

நான் சந்தனத்தைத் துடைச்சேன். அக்கா இன்னொரு வெண்டைக்காயை நீட்டிப் பார்த்து, அது முழுசா திரும்பி வந்ததும்தான் ஸ்டூல்ல உக்கார்ந்துச்சு.

சாயங்காலம் கேட்ல சவுரிமுத்து அண்ணன் காத்துகினு இருந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்துச்சு.

"எத்தினி போச்சு அம்மணி?"

"ஒரே ஒரு வெண்டைக்காய்ண்ணா. மிச்சம் குழம்புக்கு."

அவர் வலது கையைப் பாக்கெட்லேர்ந்து எடுத்தார். மூணு விரலால கேட்டை இழுத்துத் திறந்து, அதே கையால அக்காவுக்கு டாட்டா காட்டினார்.