வெல்டா ரீமர் காப்பாற்றிய அலமாரி

பனி இன்னும் முழுசாக உருகாத மார்ச் மாதத்துப் பிற்பகலில், வெல்டா ரீமர் இரண்டு கையிலும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஹாலர்ட் நூலகத்தின் படியேறினாள். பைக்குள் இருந்ததெல்லாம் பொஹீமிய மொழி, அதாவது செக் மொழிப் புத்தகங்கள். அதில் ஒரு வரிகூட அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குளிர்காலம் வந்தால் அந்த அலமாரியைப் பை பையாக வீட்டுக்குக் கொண்டுபோவதும், வைத்திருந்து திரும்பக் கொண்டுவருவதும் அவள் வழக்கம்.

கிறுக்கு இல்லை, காரணம் உண்டு. நூலகத்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் களையெடுப்பு நடக்கும். ஒரு வருஷமாக யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகாத புத்தகத்தை உருவி, வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் போட்டுவிடுவார்கள். வேண்டியவர் வண்டியில் தொங்கும் உண்டியலில் சில்லறை போட்டுவிட்டு எடுத்துப்போவார், மிச்சம் காகித அரைவைக்குப் போகும். இங்கே நூலகராக இருந்த காலம் பூராவும் வெல்டா இந்தக் காரியத்தைக் கை நடுங்காமல் செய்தவள். பழைய டிராக்டர் கையேடோ காலாவதியான வைத்தியப் புத்தகமோ, எதற்கும் இரக்கம் காட்டியதில்லை. கிழக்கு ஜன்னலோரம் இருந்த இந்த ஒரு அலமாரியில்தான் அவள் கை நின்றுபோனது. கடல் தாண்டி வந்து இந்த ஊரைக் கட்டிய பொஹீமியக்காரர்கள் பெட்டியில் சுமந்து வந்த புத்தகங்கள் அவை. அதைப் படிக்கத் தெரிந்த கடைசி மனுஷியான லுட்மிலா கண்ணை மூடியதும், வெல்டாவே எடுத்துப்போக ஆரம்பித்தாள். வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பதிகிற இயந்திரத்தில் காட்டினால் ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் அந்த வருஷத்துக்குப் புத்தகம் பிழைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவள் அதை விடவில்லை.

வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அறையைச் சூடாக்கும் வெந்நீர்க்குழாய் ஓடும் சுவர் பக்கமாக. வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கும். மடியில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்தைப் பார்ப்பாள். எழுத்து மேலே சின்னச் சின்னக் கொக்கியும் கீற்றும், கம்பியில் உட்கார்ந்த குருவி மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். அப்போது அந்தப் புத்தகங்களைப் படித்துவிட்டுச் செத்துப்போனவர்கள் வருவார்கள். வாவ்ரா என்கிற பால்பண்ணைக்காரர் வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வருவார். மாட்டுக்கொட்டகை வாசமும் கூடவே வரும். படித்த பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு வைக்கோல் துரும்பு வைப்பார். உயிரோடு இருந்தபோது வெல்டா எத்தனை தடவை திட்டினாலும் வைத்தவர். லுட்மிலா உட்காரவே மாட்டாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் போல நின்றபடி ஒரு அத்தியாயம் முடிப்பாள். அவர்கள் யாரும் வெல்டாவோடு பேசுவதில்லை. பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்கும். விழிக்கும்போது அறையில் லேசாக ஈரக் கம்பளி வாசம் இருந்ததாக அவளுக்குத் தோன்றும். புத்தகம் போனால் இவர்கள் வந்து உட்கார வேறு இடம் ஏது? அவளுடைய பயம் அதுதான்.

அன்று அவள் உள்ளே நுழைந்ததுமே பத்திரிகை மேசையிலிருந்து குரல் வந்தது. டுவைட் கோசிஷெக். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், பிறப்பால் பொஹீமியன்.

"வந்துட்டாங்கப்பா பேராசிரியை! என்ன வெல்டா, கதை எப்படி? கடைசியில கல்யாணம் ஆச்சா, செத்தாங்களா?"

"உன் தாத்தா கை பட்ட புத்தகம்டா இது. நீ ஒரு தடவை திறந்திருப்பியா?"

"எனக்குத் தெரிஞ்ச பொஹீமியன் ரெண்டே வகை. ஒண்ணு தின்கிற பலகாரத்தோட பேரு. இன்னொண்ணு எங்கப்பா எருமைக்கடா மாதிரி நின்ன கன்னுக்குட்டியத் திட்டினது. அதை இங்க சொன்னா மார்லி என்னை வெளிய தள்ளிடுவா."

மார்லி ஹூபர்தான் இப்போது நூலகர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே தரையில் படம் பார்த்துக்கொண்டு குப்புறக் கிடந்தவள். அன்று அவள் முகம் பூரா சிரிப்பாக ஓடிவந்தாள்.

"மிஸஸ் ரீமர், கண்ணை மூடுங்க!"

"மூடினா தூங்கிருவேன். என்னன்னு சொல்லு."

மார்லி ஒரு அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். பளபளவென்று புதுப் புத்தகங்கள். அட்டையில் அதே கொக்கி, அதே கீற்று.

"போன வருஷக் கணக்கைப் பார்த்தேன். வேற மொழியில அதிகமா வீட்டுக்குப் போனது பொஹீமியன்தான்! ஊர்சபையில காட்டினேன், அவங்களுக்கு ஒரே பெருமை. இந்த வருஷம் வேற மொழிக்குன்னு குடுத்த பணம் பூரா இதுக்கே போட்டாச்சு. ப்ராக்ல இருந்து வந்திருக்கு. எல்லாம் உங்களாலதான்."

வெல்டா பைகளைக் கீழே வைத்தாள். "ஸ்பானிஷ் புத்தகம்?"

"அதை யாரு தொடறாங்க? ஒரு வருஷமா ஒண்ணுகூட வெளிய போகல. பாவமாத்தான் இருக்கு. ஏப்ரல்ல முதல்ல அந்த வரிசையத்தான் எடுக்கணும்."

வெல்டா திரும்பிப் பார்த்தாள். மார்லியின் மேசையிலிருந்து பார்த்தால் தூண் மறைக்கும். வெல்டா நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. கிழக்கு ஜன்னலுக்கு அடியில் ஓடும் வெந்நீர்க்குழாய் பக்கத்தில் ஒதிலியா என்கிறவள் உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு வெளியே இருக்கிற இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கிற வேலை. குவாத்தமாலாவிலிருந்து வந்தவள். வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து, குளித்த ஈரம் காயாத தலையோடு ஸ்பானிஷ் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருவாள். வீட்டுக்கு எடுத்துப்போக நூலக உறுப்பினர் அட்டை வேண்டும். அட்டைக்கு விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டும். அவள் இருக்கிற, சக்கரம் வைத்த வண்டிவீடோ வேறு யாரோ பெயரில் இருக்கிறது. அந்த விதியை எழுதியவளே வெல்டாதான்.

இன்னொன்றும் வெல்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கேயே உட்கார்ந்து படித்த புத்தகத்தை மேசைமேலேயே விட்டுவிட வேண்டும். அப்போதுதான் நூலக ஊழியர்கள் பொறுக்கிக் கணக்கில் சேர்ப்பார்கள். பலகையில் இங்கிலீஷில் எழுதித்தான் இருக்கிறது. ஒதிலியாவோ மரியாதைக்காரி. படித்து முடித்ததும் புத்தகத்தைத் தட்டித் துடைத்து, எடுத்த இடத்திலேயே அச்சுப் பிசகாமல் வைத்துவிட்டுப் போவாள். அவள் ஒரு வருஷமாக அங்கே உட்கார்ந்து படித்த படிப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. வெல்டா படிக்காத படிப்புதான் கணக்கில் இருக்கிறது.

 மார்லி திணித்த புதுப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு வெல்டா வீட்டுக்கு நடந்தாள். சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது குவாத்தமாலாக்காரர்களின் ரொட்டிக்கடை. ஜன்னலில் நீராவி. பால்பண்ணைகள் மூடிய வருஷம் நூலகத்துக்குத் திரும்பி வந்த புத்தகமெல்லாம் வேலை தேடுகிற புத்தகமாக இருந்தது. அதற்கடுத்த வருஷம் விவாகரத்துப் புத்தகமாக வந்தது. ஊரில் யாருக்கு என்ன வலிக்கிறது என்று புத்தகம் திருப்பிப் போடுகிற பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று வெல்டா பெருமையடித்துக்கொண்டவள். வீட்டுக்கே போகாத புத்தகம் அந்தப் பெட்டிக்கு எப்படி வரும்? அதை அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

வீட்டில் புதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பசை வாசம் அடித்தது. எழுத்துக் குருவிகள் கம்பியில் அசையாமல் இருந்தன. கண் சொக்கியது. ஆனால் யாரும் வரவில்லை. வெகுநேரம் காத்திருந்தாள். கடைசியில் வாவ்ரா மட்டும் வாசலில் வந்து நின்றார். பூட்ஸைத் தட்டவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி, வேறு யாருடைய வீட்டுக்கோ தவறி வந்துவிட்டவர் போல இவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் நூலகம் திறக்கும்போதே அவள் போய்விட்டாள். புத்தகங்களை மார்லியின் முன்னால் வைத்தாள்.

"மார்லி, எனக்கு இந்த மொழியில ஒரு எழுத்து தெரியாது."

"எது தெரியாது?"

"இத்தனை வருஷமா நான் இதைப் படிக்கல. களையெடுத்துருவீங்கன்னு எடுத்துட்டுப் போனேன். உன் கணக்குல இருக்கிற பொஹீமியன் வாசகர் பூரா நான் ஒருத்திதான். அந்தப் பெட்டியத் திருப்பி அனுப்பு. ஸ்பானிஷ் வாங்கு."

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து டுவைட் வயிறு குலுங்கச் சிரித்தான். "அடப்பாவி! நான் உன்னைப் பேராசிரியைன்னு கிண்டல் பண்ணேன், நீ என்னை விட மோசமா?"

"நீ சும்மா இரு டுவைட்."

மார்லி சிரிக்கவில்லை. "ஊர்சபையில போய் என்ன சொல்ல? கைதட்டினாங்க மிஸஸ் ரீமர்."

"நானே வந்து சொல்றேன். அவங்கள்ல பாதிப் பேர் என்கிட்ட அபராதம் கட்டினவங்க. உட்கார்ந்து கேப்பாங்க. அப்படியே அட்டைக்கு விலாசம் கேக்கிற விதியும் போகணும். அதை எழுதினது நான்தான்."

மார்லி கிழக்கு ஜன்னல் பக்கம் கை காட்டினாள். "அப்ப இந்த அலமாரி போயிரும். தெரியுமில்ல?"

"தெரியும். நானே எடுக்கிறேன். வேற யாரும் கை வைக்க வேண்டாம்."

ஏப்ரலில் ஒரு வெயில் நாளில் வெல்டா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். உள்ளே ஊதித் தூசி போக்கி வண்டியில் அடுக்கினாள். பழக்கத்தில் கை வேகமாகத்தான் போனது. டுவைட் வந்து நின்று, தாத்தாவின் கையெழுத்து இருந்த ஒன்றை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "படிக்கப் போறதில்ல. சும்மா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டி உண்டியலில் சில்லறையைப் போட்டான்.

தேனீ வளர்ப்புப் புத்தகம் ஒன்றிலிருந்து வைக்கோல் துரும்பு கீழே விழுந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒதிலியா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அட்டையைப் பார்த்தாள்.

"இது எந்த மொழிங்கம்மா?"

"பொஹீமியன்."

"உங்களுக்குப் படிக்க வருமா?"

"வராது. படிச்சவங்களைத் தெரியும்."

ஒதிலியா சிரித்தாள். "எங்கம்மாவும் வேற மொழிதான் பேசுவாங்க, மலை மொழி. நானும் பேசுவேன். ஆனா அதுல ஒரு எழுத்து படிக்க வராது. எழுதினதை நான் பார்த்ததும் இல்ல. ஸ்பானிஷ்தான் படிப்பேன்."

வெல்டா துரும்பை அவளிடமே கொடுத்தாள். "இதை வச்சுக்கோ. பக்கத்துக்கு அடையாளம். அப்புறம், போகும்போது புத்தகத்தை அலமாரிக்குள்ள வைக்காத. மேசைமேலயே போட்டுட்டுப் போ."

"ஐயோ, அது மரியாதை இல்லையே."

"இங்க அதுதான் மரியாதை. போட்டுட்டுப் போ."

அலமாரி காலியானது. புத்தகம் இருந்த இடமெல்லாம் மரம் வேறு நிறமாக, வெயில் படாத தோல் மாதிரி இருந்தது. வெல்டா நாற்காலியில் சாய்ந்தாள். குழாயின் சூட்டில் கண் சொக்கியது. பூட்ஸைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வாவ்ரா உள்ளே வந்து காலி அலமாரியைப் பார்த்தார். லுட்மிலாவும் கூட நின்றாள். இருவரும் கோட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு வாவ்ரா ஒரு நாற்காலியை இழுத்து, படித்துக்கொண்டிருந்த ஒதிலியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லுட்மிலா வழக்கம்போல நின்றபடியே அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

வெல்டா விழித்தபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. மேசைமேல் ஒரு ஸ்பானிஷ் புத்தகம் கிடந்தது. அதன் நடுவிலிருந்து வைக்கோல் துரும்பின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெல்டா அதைத் தொடவில்லை. மார்லி வந்து எடுத்துக் கணக்கில் சேர்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.