எண் இல்லாத சைக்கிள்

பெங்களூரில் பேரன் என்னை ஒரு கடைக்கு அழைத்துப் போனான். அங்கே காபி விற்கிறார்கள், சைக்கிளும் விற்கிறார்கள், ரிப்பேரும் பார்க்கிறார்கள். சுவரில் ஒரு சைக்கிளைப் பல்லி மாதிரி ஒட்ட வைத்திருந்தார்கள். "தாத்தா, இப்படி ஒரு கடையை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பார்த்த கடையைப் பற்றிச் சொன்னால் அவனுக்குக் காபி இறங்காது. அதனால் வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.

ராசிபுரம் போகும் தார் ரோட்டில், எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்தில் இருந்தது அந்தக் கடை. ஐம்பதுகளின் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே கீற்றுக் கொட்டகை. இந்தப் பக்கம் டீக்கடை, அந்தப் பக்கம் வாடகை சைக்கிள் கடை. நடுவில் தடுப்பு கிடையாது. முதலாளி ஒருவன்தான், அவனுக்குக் கையும் ஒரு ஜோடிதான். பஞ்சர் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு அதே கையால் டீ ஆற்றுவான். டீயில் சொல்யூஷன் வாசம் அடிக்கும். டியூபை முக்கிப் பார்க்கிற தண்ணீரும் கிளாஸ் அலசுகிற தண்ணீரும் வேறு வேறு என்று சத்தியம் பண்ணுவான். நான் நம்பியதில்லை. கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு. ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் காலையில் வந்து அதில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அசைய மாட்டார்கள். ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் டெல்லி சர்க்காருக்கு யோசனை சொல்வார்கள்.

இத்தனை அழுக்குக்கு நடுவிலும் அங்கே ஒரு சுத்தம் மட்டும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றப்பட்டது. எங்களிடமிருந்து காப்பாற்றிய சுத்தம் அது. நாங்கள் சேரிக்காரர்கள். தாத்தா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை, வீட்டில் செபமாலை எல்லாம் உண்டு. ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் பெயரை மாற்றியது, டம்ளரை மாற்றவில்லை. எங்களுக்கென்று தகர டம்ளர்கள் கீற்றில் செருகியிருக்கும். மட்கார்டுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டில் ஒவ்வொன்றின் அடியிலும் பொட்டு வைத்திருந்தான். நாங்களே எடுத்து, நாங்களே கழுவி, நாங்களே திரும்பச் செருக வேண்டும். அவனை அப்போது நான் சாமி என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போதாவது அவன் என்று எழுதிக்கொள்கிறேன்.

சைக்கிள் விஷயம்தான் அவனுக்குப் பெரிய சங்கடம். எங்கள் வாடகை வேண்டும். ஆனால் எங்கள் பின்பக்கம் பட்ட சீட்டில் ஊர்க்காரர்கள் உட்காரக் கூடாது. மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு சைக்கிளை எங்களுக்கென்று ஒதுக்கினான். மற்ற சைக்கிள்களில் பின் மட்கார்டில் எண் எழுதியிருக்கும். இதில் எண் கிடையாது, சிவப்புப் பொட்டு மட்டும்தான். இருப்பதிலேயே கழிசடையைத்தான் ஒதுக்கினான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் கழன்றுவிடும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும் என்பது சேரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் ஒதுக்கிய நாளிலிருந்து அவன் அதில் ஏறியதில்லை. சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். உங்களுக்கு இது போதாதா என்பான்.

அவனுக்கு ஒரே மகள். ராசிபுரம் உயர்நிலைப் பள்ளியில் என் வகுப்புதான். அவள் முன் வரிசை, நான் கடைசி வரிசை. ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டிரெய்னிங் போய், வாத்தியாரம்மா ஆக வேண்டும் என்று ஆசை. அப்பனும் சம்மதித்திருந்தான், ஒரு நிபந்தனையோடு. இந்த ஒரு தடவைதான். பாஸானால் டிரெய்னிங். இல்லையென்றால் ஜேடர்பாளையத்துத் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். இதை அவன் டீ ஆற்றிக்கொண்டே பெஞ்சுக்குச் சொல்வான். அதனால் ஊருக்கே தெரியும்.

கணக்குப் பரீட்சையன்று ராசிபுரத்தில் சந்தை. விடிவதற்குள் எண் போட்ட சைக்கிள் அத்தனையும் வாடகைக்குப் போய்விட்டன. பேராசை பிடித்தவன், தன் சொந்தச் சைக்கிளையும் அனுப்பிவிட்டான். நான் பொட்டுச் சைக்கிளை எடுத்துக் கேரியரில் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஊரின் கடைசி வீடு தாண்டும்வரை சேரிக்காரன் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அப்புறம்தான் ஏறலாம். அதற்கும் சேர்த்துச் சீக்கிரமே வந்திருந்தேன். அப்போது அவள் காத்திருந்த பஸ் வந்தது. மேலே, படியில், ஏணியில் எல்லாம் சந்தைக் கூட்டம். நிற்காமலே போய்விட்டது. அவள் நீட்டிய கையை மடக்காமல் ரோட்டில் நின்றாள். அடுத்த பஸ் வருவதற்குள் பரீட்சை பாதி முடிந்திருக்கும்.

அவன் ரோட்டைப் பார்த்தான், காலியாகக் கிடந்த சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"டேய், அதை இங்க நிறுத்து. புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போவோணும்."

"ஏனுங்க சாமி, எனக்கும் இன்னைக்குப் பரீட்சைங்க."

"உனக்கென்னடா, காலிருக்குது."

நிறுத்தினேன். சைக்கிள் அவனுடையது. பாவம், அந்தப் பெண் பரீட்சைக்குப் போகட்டும் என்றுகூட நினைத்தேன். அவனுக்கு முன்னால் நின்று பல்லைக் கடிப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? பையை அவிழ்த்துக்கொண்டேன். அவன் அப்படியே ஏறிப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு நேராக நீட்டிய கையை நடுவிலேயே இழுத்துக்கொண்டான். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். பெஞ்சு இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு குடம் தண்ணி ஊத்தீட்டுப் போப்பா" என்றார் ஒருவர்.

"மஞ்சத் தண்ணியா இருந்தாத் தேவுலைங்க" என்றார் பேப்பர் படிப்பவர்.

"இரும்புக்குத் தண்ணி போதும். சீட்டு தோலல்லங்க? தோலு தீட்டை உறிஞ்சிக்குமே" என்றார் மூன்றாமவர். ஏதோ கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள்.

குடம் வந்தது, மஞ்சள் வந்தது. செயினில் இருந்த மசகு கரைந்து வழியும்வரை ஊற்றினான். அப்புறம் பரணிலிருந்து உடைந்த சைக்கிள் ஒன்றின் சீட்டை எடுத்து வந்தான். பழைய சீட்டைக் கழற்றினால்தானே இதை மாட்டலாம்? அதன் நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. ஸ்பானர் வழுக்கியது. மண்ணெண்ணெய் விட்டான், தட்டினான், திட்டினான். அவள் பென்சில் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்படியே போலாமுங்கப்பா, நேரமாச்சு" என்றாள். "பொறு சாமி, ஆச்சு, ஆச்சு" என்றான். மகளைக் கொஞ்சும்போது அவனும் சாமி என்றுதான் கூப்பிடுவான். அதற்குமேல் எனக்கு அங்கே நிற்கப் பொறுக்கவில்லை. எனக்கும் அதே பரீட்சை.

தார் ரோடு சுற்றிக்கொண்டு போகும். நான் ஏரிக்குள் இறங்கினேன். பங்குனி வெயிலில் ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஓடினேன். பள்ளிக்கூட வாசலை மிதித்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. சட்டையெல்லாம் வேர்வை. எழுத ஆரம்பித்தபோது முன் வரிசையில் அவள் இடம் காலி. ஒவ்வொரு கணக்குக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அரை மணி நேரம் போனால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

விடவில்லை. வாசல் கதவை அடைத்து வெகுநேரம் கழித்து அவள் வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பன் பியூனிடம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கும்பிட வைத்தே பழகியவன். அவள் கெஞ்சவில்லை, அழவும் இல்லை. அவள் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கறுப்பு மசகு. வழியில் மேட்டில் அவன் அழுத்தி மிதித்திருக்கிறான். செயின் கழன்றிருக்கிறது, ஒவ்வொரு மேட்டிலும் கழன்றிருக்கிறது. அவன் சைக்கிளைத் தூக்கிப் பிடித்திருப்பான், மாட்டி மாட்டிப் பார்த்தது அவள்தான். சேரிக்காரனுக்குப் போதும் என்று அவன் சரி பண்ணாமல் விட்ட செயின் அது. எனக்கு அவன்மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. அந்தக் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது எழுதிக்கொண்டிருந்த கணக்கை நான் தப்பாகத்தான் போட்டிருப்பேன்.

சாயங்காலம் நான் திரும்பும்போது பெஞ்சு நிரம்பியிருந்தது. நடந்ததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். தீட்டு சரியாகப் போகவில்லையாம். "இன்னொரு குடம் ஊத்தியிருக்கோணும்" என்றார் காலையில் யோசனை சொன்னவர். ஒருவருக்காவது வெட்கமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு பேப்பர் போனால் எல்லாம் போன மாதிரிதான், இனி அவளை அனுப்புவதில்லை, வைகாசியில் கல்யாணம் என்று அவன் டீ ஆற்றிக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னான்.

மறுநாள் எனக்குச் சரித்திரப் பரீட்சை. பஸ்ஸுக்கு வழியில்லை, அதே கடைக்குத்தான் போனேன். அன்றைக்கு எண் போட்ட சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவன் பொட்டுச் சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான், கையில் ஸ்பானர். செயினைச் சரி செய்கிறான் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! மகளுக்காக மாட்டிய சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, என் பழைய சீட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாதே.

"ஏனுங்க சாமி, எனக்கு நேரமாவுதுங்க" என்றேன்.

"பொறுடா" என்றான்.

டீ அடுப்புக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். நகக்கண்ணில் மசகு இன்னும் போகவில்லை. முன்னால் வந்தாள். பெஞ்சு முழுக்க ஆள் இருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, அப்பனை மட்டும் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, நேத்து எனக்குச் சீட்டு மாத்துனீங்க. இன்னைக்கு அவருக்கு மாத்தறீங்க. அவரையும் பரீட்சை எழுத உடமாட்டீங்களா?"

பேப்பர் படிப்பவர் நிறுத்திவிட்டார். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உள்ள போ சாமி" என்று சொல்லிவிட்டு, கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். அவள் போகவில்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவன் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தான்.