கத்தாமல் பாட ஒரு மைக்

மைக் செட்டுக்காரனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. சத்தம் நின்னுபோனா மட்டும் மொத்தக் கூட்டமும் ஒண்ணா திரும்பும். இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்ட சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! படூர்ல கடை போட்டு பதினெட்டு வருஷமா நானும் அந்தப் பார்வையை வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா இந்த வருஷம் ஒரே ஒரு மைக்கைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு இருக்கே, அதைச் சொல்லியே ஆகணும்.

எஸ்தர் கேட்டது

எஸ்தர் சிறுசேரியில ஒரு ஆபீஸ் கேன்டீன்ல சூப்பர்வைசர். எங்க சபையில பெரிய வெள்ளிக்கிழமை மூணு மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனையில, இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பிரசங்கம். ஐந்தாம் வார்த்தைப் பிரசங்கம் முடிஞ்சதும் ஒரு தனிப்பாட்டு உண்டு. பன்னெண்டு வருஷமா அது எஸ்தர் பாட்டு. போன வருஷக் கடைசியில தைராய்டு ஆபரேஷன் ஆச்சு. குரல் போயிடல, மெலிஞ்சு போச்சு. நம்ம சாதா மைக்கோ, உதட்டுல ஒட்டவச்சு கத்தினாத்தான் வாங்கும். கத்தவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பாடகர் குழுவை நடத்துற துரைராஜ் சார் வேற, இந்த வருஷம் வேற பொண்ணு பாடட்டுமேன்னு ஆரம்பிச்சுட்டாரு.

கடைக்கு வந்தவ உக்காரக்கூட இல்ல. "கத்தாம பாடற மாதிரி மைக்கு எதனா இருந்தா சொல்லுண்ணே. இல்லன்னாலும் சொல்லிடு, கீழ உக்காந்துகினு கேட்டுக்கறேன்."

மாமல்லபுரத்துக் கடல்

கையில பிடிச்சுப் பாடற கண்டென்சர் மைக்குதான் இதுக்கு வழின்னு தெரியும். முணுமுணுத்தாலும் வாங்கும். தொல்லை என்னன்னா, அதுக்குக் காது ஜாஸ்தி. டீலர்கிட்ட ரெண்டு மாடல் கேட்டு வாங்கிட்டு வந்து, போற நிகழ்ச்சியிலெல்லாம் போட்டுப் பார்த்தேன்.

முதல் மாடல் மாமல்லபுரத்துல ஒரு ரிசார்ட் வரவேற்புக்குப் போச்சு. கடலுக்கு நேர் எதிர மேடை. கல்யாணப் பொண்ணோட தோழி பாட ஆரம்பிச்சா. ஸ்பீக்கர்ல முதல்ல வந்தது காத்து, அப்புறம் அலை, மூணாவதாத்தான் அந்தப் பொண்ணு. பஞ்சு உறையை மாட்டினேன். காத்து அடங்குச்சு, அலை அடங்கல. மாப்பிள்ளையோட தாய்மாமன் பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு என்கிட்ட வந்தாரு.

"தம்பி, பாட்டு அப்புறம் இருக்கட்டும். முதல்ல அந்தக் கடலைக் கொஞ்சம் கம்மி பண்ணு."

நாவலூர் அபார்ட்மென்ட்

ரெண்டாவது மாடல் நேர் முன்னாடி இருக்கிறதை மட்டும்தான் நல்லா கேட்கும். நாவலூர்ல ஒரு அபார்ட்மென்ட் பொங்கல் விழாவுல அதைப் போட்டேன். ஒரு குட்டிப் பொண்ணு பாடினா பாருங்க, அவ மூச்சு வாங்கறதுகூட கடைசி வரிசை வரைக்கும் போச்சு. இதுதான் எஸ்தருக்குன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன். ஆனந்தமா இருந்துச்சு.

அடுத்து ஒரு ஐடி தம்பி மேடை ஏறினான். இந்த மாடலைப் பத்தி நெட்ல எல்லாம் படிச்சிருக்கானாம், எனக்கே பாடம் எடுத்தான். எடுத்துட்டு, மைக் தலையை உள்ளங்கையால மொத்தமா பொத்திப் பிடிச்சான். பொத்தினா அது நாலா பக்கமும் கேட்க ஆரம்பிச்சிடும், ஸ்பீக்கரையும் சேர்த்து. வீல்லுன்னு ஒரு ஊளை! கைக்குழந்தைங்க எல்லாம் அழுதுச்சு. காம்பைப் பிடிப்பான்னு கெஞ்சினேன். அவன் அசரவே இல்ல.

"அங்கிள், மைக்குக்கு எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. உங்க ஸ்பீக்கரை மாத்துங்க."

டேப் ஒட்டின பட்டன்

ஒத்திகைக்கு சபைக்குக் கொண்டுபோனேன். மைக் செத்துக் கிடக்குது. இந்த மைக்குக்கு மிக்ஸர்லேருந்து ஒயர் வழியா கொஞ்சம் கரண்ட் போகணும், அதுக்குத் தனியா ஒரு பட்டன் உண்டு. சபை மிக்ஸர்ல அது மேல மூணு சுத்து டேப்! கோயிலைப் பார்த்துக்கிற சாமுவேல் அண்ணாத்தயைக் கேட்டேன். "மழை அன்னிக்கு ஒருத்தருக்கு ஷாக் அடிச்சிச்சு. வோல்ட்டுன்னு எழுதிக்கீற பட்டன் இது ஒண்ணுதான், மூடிட்டேன்"னாரு.

அந்த ஷாக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டேப்பைப் பிச்சுப் போட்டு, பட்டனை அமுக்கினேன். மைக்குக்கு உயிர் வந்துச்சு. வந்ததும் எஸ்தரை விட அவளுக்குப் பின்னாடி, அதாவது மைக்குக்கு நேர் முன்னாடி இருந்த டிரம்ஸ்தான் கேட்குது. அவ முகம் சுண்டிப் போச்சு. டிரம்ஸை ஓரத்துக்குத் தள்ளணும், அந்தப் பாட்டுக்கு கீபோர்டு மட்டும் போதும், அவ தலைக்கு மேல ஓடற ஃபேனை நிறுத்தணும்னு வரிசையா கேட்டேன். துரைராஜ் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

"ஒரு பாட்டுக்காக சபையே இடம் மாறணும்ங்கறீங்க. சரி, மாறறோம். அன்னிக்குக் கேட்கலைன்னா, அடுத்த வருஷம் என்னைக் கேட்காதீங்க."

ஐந்தாம் வார்த்தை

ஏப்ரல் வெயில், ஃபேன் நின்னாச்சு, ஜனங்க விசிறிக்கிட்டு இருக்காங்க. எஸ்தர் காம்பைச் சரியாப் பிடிச்சு, கத்தாம, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசற மாதிரி பாடினா. விசிறின கையெல்லாம் ஒவ்வொண்ணா நின்னுது.

ரெண்டாவது சரணத்துல, மேல போற இடத்துல குரல் உடைஞ்சுது. சாதா மைக்கா இருந்தா தெரிஞ்சிருக்காது. இது அப்படியே கொண்டுபோய் கடைசி பெஞ்சுல போட்டுச்சு. என் விரல் தானா எக்கோ பட்டனுக்குப் போச்சு. எத்தனை பேரோட பிசிறை அதுல முக்கி எடுத்திருக்கேன்! ஆனா அவ நிறுத்தல. அடுத்த அடியைப் பிடிச்சுட்டா. நான் கையை எடுத்துட்டேன்.

ஆராதனை முடிஞ்சு ஒயரைச் சுத்திக்கிட்டு இருந்தேன். எஸ்தர் பக்கத்துல வந்து நின்னா.

"ரெண்டாவது சரணத்துல உடைஞ்சுதே, அது வெளிய கேட்டுச்சாண்ணே?"

பொய் சொல்லலாமான்னு பார்த்தேன். மனசு வரல. "கேட்டுச்சும்மா"ன்னேன்.

மைக்கைப் பார்த்துச் சிரிச்சா. "அப்ப மிச்சமும் கேட்டிருக்கும்."

ஆகமொத்தம், ஒரு மைக்கைத் தேடி மூணு மாசம் அலைஞ்சு நான் கத்துக்கிட்டது என்னன்னா, சில நேரம் சவுண்டுக்காரன் செய்யவேண்டிய பெரிய வேலையே பட்டன் மேலேருந்து கையை எடுக்கறதுதான்.