முழங்கை வரை கை வைத்த ரவிக்கை

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போவதென்று முடிவானதுமே எனக்கு அம்மாவின் இடது கை பெரிய கவலையாகிவிட்டது. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். அதற்காக ஆபரேஷன் செய்த அந்தக் கையில், முழங்கைக்கு மேலே நரம்பு முண்டு முண்டாகப் புடைத்து நிற்கும். பிறகு ஓரிடத்தில் அது சுருங்கிப்போக, உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். தொட்டால் கிர்ரென்று அதிரும். காலையில் பல் தேய்க்கும் முன்பே தொட்டுப் பார்த்துவிட்டு, "மோட்டார் ஓடுதுடி" என்பாள். அது நின்றால் அந்தக் கையில் டயாலிசிஸ் செய்ய முடியாது.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். ஆனாலும் போட்டோவில் அந்தக் கை தெரியக்கூடாது என்று பிடிவாதம். எங்கள் சொந்தக்காரர்களுக்கு உச்சுக்கொட்ட ஒரு சாக்கு போதும். அம்மா வழக்கமாகப் போடுவது தொளதொள ரவிக்கை. நானோ கும்பகோணத்தில் முழங்கை வரை கை வைத்து, மணி கோத்து ஆரி ஒர்க் போட்டு, லைனிங் கொடுத்துத் தைக்கச் சொன்னேன்.

"கை கொஞ்சம் பிடிக்குதுடி."

"ஒரு நாள்தானேம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

கலசத் தண்ணீர் ஊற்றி முடிந்ததும் அம்மாவுக்குக் கூறைப் புடவையோடு அந்த ரவிக்கையைப் போட்டுவிட்டேன். தாலி கட்டி, ஆளாளுக்கு விழுந்து கும்பிட்டு, சாப்பாடு, போட்டோ, வேன் பயணம் எல்லாம் அதே ரவிக்கையில்தான். சாயங்காலம் வீட்டில் கழற்றியபோது மணிகளின் தடம் தோலில் அப்படியே பதிந்திருந்தது. அம்மா கையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டாள்.

"ஓடலடி" என்றாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். "கையில எதாவது இறுக்கமா போட்டிருந்தீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இல்லீங்க டாக்டர். வேன்ல கைமேலயே தலைய வச்சுத் தூங்கிட்டேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?" என்று அப்பா அம்மாவிடம் சீறினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டென்ட் சில நேரம் தானாகவும் அடைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை.

அடைப்பை எடுக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள். இனி வலது கையில்தான் புதிதாக ஆபரேஷன் செய்ய வேண்டும். சோறு பிசைகிற, கோலம் போடுகிற கை.

அப்பா டீ வாங்கப் போன நேரம் பார்த்து அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அந்த ரவிக்கைய எங்க வச்ச?"

"பீரோலம்மா."

"அப்பா கண்ணுல படாம எடுத்துப் போட்டுடு. உன்னத் திட்டுவாரு."

சரிம்மா என்றேன். அப்பா டீயோடு வந்து மறுபடியும் அம்மாவைத்தான் திட்டினார். நான் டம்ளரை வாங்கி டீயைக் குடித்தேன்.