தெரியாது என்று மாமா சொன்னது

மாமா வலக்கையை உயர்த்தினால் வீட்டில் யாரும் அசையக்கூடாது. அம்மாவின் தம்பிதான், ஆனாலும் அம்மா தேங்காய் துருவுவதைக்கூட நிறுத்திவிட வேண்டும். ஓமான் பாலைவனத்தில் அவர் பார்த்த வேலை அப்படி. லொறியால் நிலத்தை அதிரவைப்பார்கள். அந்த அதிர்வு ஆழத்துப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை, தரையில் வரிசையாகக் குத்திய சிறு கருவிகள் பதிவு செய்யும். இறுகிய பாறைக்குள் அடைபட்ட எரிவாயுவை அப்படித்தான் தேடுவார்களாம். அந்நேரம் ஒருவன் நடந்தாலும் பதிவு கெட்டுவிடும். சரி, அது ஓமான். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், அவர் ரேடியோவில் செய்தி கேட்பதற்கும் நாங்கள் ஏன் சிலையாக நிற்க வேண்டும்? எரிச்சலாக வரும்.

லயத்து ஆட்கள் அதைவிட மோசம். ஒரு மழைக்குப் பிறகு லயத்தின் பின்பக்க மேட்டில் நீளமாக வெடிப்பு விட்டது. மழை வலுத்தால் பாடசாலைக்குப் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். யாருக்கும் மனமில்லை. நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்தவர் நம் லயத்திலேயே இருக்கிறாரே என்று மாமாவிடம் வந்தார்கள்.

"நான் தேடினது கேஸுங்க. இந்த மலை நிக்குமா, சரியுமான்னு எனக்குத் தெரியாது."

"பாத்தீங்களா, அவரே ஒண்ணும் சொல்லல," என்றார் தோட்டத் தலைவர். பொழுது சாய்வதற்குள், பயப்பட ஒன்றுமில்லை என்று மாமாவே சொல்லிவிட்டதாக லயம் முழுக்கப் பேச்சு.

மாமா வாசல் வாசலாகப் போய்க் கத்தினார். "தெரியாதுன்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தமாய்யா?" தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கடைசியில் அவர் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு நடந்தார். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பின்னால் போனார்கள். மலை சரியவில்லை. திரும்பி வந்ததும் அவரைக் கேலி செய்தே கொன்றார்கள்.

இப்போது நான் கல்யாணமாகிப் பதுளையில் இருக்கிறேன். அம்மாவையும் இங்கே கூட்டி வந்துவிட்டேன். இந்தக் கிழமை முழுக்க விடாத மழை; லயத்தில் ஒருவரும் பாடசாலைக்குக் கிளம்பவில்லையாம். நேற்று போனில் மாமாவிடம் கத்தியே விட்டேன்.

"அவங்கதான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்களும் ஏன் அங்க கெடக்கிறீங்க?"

"இந்தத் தடவ நான் கெளம்பினா ஒருத்தரும் பின்னால வரமாட்டாங்கம்மா. இங்க இருந்தாத்தான் கதவைத் தட்டவாவது முடியும்."

யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. டார்ச்சுக்கு பேட்டரி இருக்கிறதா என்று கேட்டேன்.